சீனியை நிப்பாட்டினால் கட்டி நிற்குமா?

குருநகரில் ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், முதலில் நிற்பது தேத்தண்ணிச் சீனி. "கான்சருக்குச் சீனிதான் சாப்பாடாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவரும் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அண்மையில் பக்கத்து வளவு அக்காவும் இதையே கேட்டார். அவருடைய கணவர் கடற்றொழிலாளி. கன்னத்தின் உட்புறத்தில் கட்டி. மருந்து ஏற்றியபோது நன்றாக வற்றியது. சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி தடித்தது.

"தம்பி, அவர் ஒளிச்சு ஒளிச்சுச் சீனி போட்டுக் குடிச்சவர். நானும் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டன். அதாலதானோ திரும்ப வந்தது?"

இல்லை, அக்கா. ஆனால் 'இல்லை' என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் இரவில் அதே கேள்வியோடுதான் படுப்பார். ஏன் இல்லை என்று விளங்கினால்தான் மனச்சுமை இறங்கும். அதற்குக் கலத்துக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். தேத்தண்ணி ஆறினாலும் பரவாயில்லை. இது ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

முதிர்ந்த செங்குருதிக் கலங்களைத் தவிர, நமது உடம்பின் கலங்களுக்குள் இழைமணிகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் மைற்றோகொண்ட்ரியா என்று படிப்பது இதைத்தான். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோசையும் கொழுப்பையும், மூச்சில் வரும் ஒட்சிசனின் உதவியோடு உடைத்து, கலத்துக்கு வேண்டிய சக்தியை ஏ.ரீ.பீ என்ற மூலக்கூறாக ஆக்கிக் கொடுப்பவை இவை. ஒரு குளுக்கோசு மூலக்கூறை ஒட்சிசன் இல்லாமல் நொதிக்கச் செய்தால் தேறுவது 2 ஏ.ரீ.பீ. இழைமணி வழியாகப் போனால் ஏறத்தாழ 30.

இழைமணிகள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பற்றீரியாக்கள் என்று 1967 இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாதிட்டார். அன்று பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பூர்வீகத்தின் அடையாளமாக இழைமணிக்குத் தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ இருக்கிறது. 16,569 எழுத்துகள், 37 பரம்பரையலகுகள். 1981 இல் கேம்பிரிட்ஜில் அதை முழுவதுமாக வாசித்து முடித்தார்கள். இந்த டி.என்.ஏ சுவாச வேலை நடக்கும் சவ்வுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. கலத்தின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏக்கு உள்ள புரதப் போர்வையும் பலவகைத் திருத்த வசதிகளும் இதற்கு இல்லை. ஆகவே சுலபமாகக் காயப்படும். இது பின்னால் தேவைப்படும்.

சீனிக் கதை தொடங்கிய இடம் பேர்லின். 1920களில் ஒற்றோ வார்பேர்க் என்ற ஜேர்மனிய உயிர்வேதியியலாளர் கட்டிகளிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டுகளை ஆராய்ந்தார். வழமையான இழையம் ஒட்சிசன் போதாதபோதுதான் குளுக்கோசை நொதிக்கச் செய்து இலற்றிக்கமிலமாக மாற்றும். மூச்சிரைக்க ஓடும்போது தசை செய்வது அதுதான். கட்டித் துண்டோ, ஒட்சிசன் தாராளமாக இருந்தபோதும் அதையே செய்தது. குளுக்கோசை அள்ளி அள்ளி எடுத்தது. வார்பேர்க்குக்கு 1931 இல் நோபல் பரிசும் கிடைத்தது, சுவாச நொதியம் பற்றிய வேறொரு கண்டுபிடிப்புக்காக. 1956 இல் அவர் அழுத்தமாக எழுதினார்: இழைமணிச் சுவாசம் பழுதாவதே புற்றுநோயின் தோற்றுவாய் என்று. அதே ஆண்டே அமெரிக்காவில் சிட்னி வைன்ஹவுஸ் மறுத்தார். அளந்து பார்த்தால் பெரும்பாலான கட்டிகளில் சுவாசம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது அவருடைய பதில். பின்வந்த ஆய்வுகள் வைன்ஹவுஸ் பக்கமே நின்றன.

கட்டி குளுக்கோசைக் கூடுதலாக எடுப்பது உண்மை. பெற் ஸ்கான் படத்தில் கட்டி ஒளிர்வது அதனால்தான். ஆனால் அது குளுக்கோசை எடுப்பது சக்திக்காக மட்டும் அல்ல. வேகமாகப் பிரியும் கலத்துக்குப் புதிய சவ்வும் புதிய டி.என்.ஏயும் கட்ட மூலப்பொருள் வேண்டும். குளுக்கோசின் காபன் அதற்குப் போகிறது.

தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினால் என்ன நடக்கும்? இரத்தத்தில் குளுக்கோசு குறைந்தால் மூளை நிற்கும். அதை ஈரல் விடாது. சோறு, பாண், பிட்டு எல்லாவற்றிலிருந்தும் குளுக்கோசு வரும். அவற்றையும் நிறுத்தினால் ஈரல் தசையின் புரதத்தைக் கரைத்துக் குளுக்கோசு செய்யும். கட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும், மெலிவது மனிதன். வாய்ப் புற்றுநோயாளி விழுங்கச் சிரமப்பட்டு ஏற்கெனவே நிறை குறைந்தவர். அவருக்குச் சாப்பாட்டைக் குறைப்பது மருந்தைத் தாங்கும் பலத்தைக் குறைப்பது. நீரிழிவு இருந்தால் மட்டும் சீனிக்கு வைத்தியர் சொன்ன அளவைப் பிடிக்க வேண்டும்.

"இழைமணி பழுதில்லை எண்டா, அப்ப எங்க பிழை நடக்குது?" என்றார் அக்கா. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முழுப் பழுது இல்லை, ஆனால் மாறிப்போயிருக்கிறது. இழைமணிக்குச் சக்தி செய்வது ஒரு வேலை. கலம் வளர மூலப்பொருளும் கருவுக்குச் சைகையும் அனுப்புவது இரண்டாவது வேலை. திருத்த முடியாத அளவு கெட்டுப்போன கலத்தைச் சாகவைப்பது மூன்றாவது வேலை. புற்றுநோய் இந்த மூன்றையும் ஒரே மாதிரிக் கெடுப்பதில்லை. முதல் வேலையை வசதிக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறது, இரண்டாவதைத் தன் பக்கம் திருப்புகிறது, மூன்றாவதை முடிந்தவரை அடக்குகிறது. மருந்துக்கு அடங்காத குணம் பெருமளவு இந்த மூன்றாவதில் இருக்கிறது.

காயம் எங்கே தொடங்குகிறது என்பதை நமது ஊரை வைத்தே பார்க்கலாம். இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் நித்திரை வராமல் இருக்க வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று கன்னத்தில் அடக்கிக்கொள்வது இங்கே தலைமுறைப் பழக்கம். புகையிலை விளைகிற மண்ணும் நம்முடையதுதான். "நான் போயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெத்திலைக் கூட்டையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியது.

பாக்கில் உள்ள பொலிபீனோல்கள் சுண்ணாம்பின் காரத்தில் ஒட்சிசனோடு வினைபட்டு, எதிர்ப்பட்டதைத் தாக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவை வாய்த் தோலின் டி.என்.ஏயைக் காயப்படுத்தும், போர்வையில்லாத இழைமணி டி.என்.ஏயும் தப்பாது. தாய்வானில் வெத்திலைக் கூட்டில் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. அங்குள்ள ஆய்வாளர்கள் 2001 இல் வாய்த் தோலைப் பார்த்தபோது, 4,977 எழுத்து நீளத் துண்டொன்று அறுந்துபோன இழைமணி டி.என்.ஏ, வெத்திலை போடுபவர்களிடம் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டிக்குள் அந்தப் பெரிய இழப்பு சுற்றியுள்ள தோலைவிடக் குறைவாக இருந்தது. பெருங்காயப்பட்ட இழைமணியோடு ஒரு கலம் பெருகுவது கடினம் என்று இதை வாசிக்கலாம். கட்டிக்குத் தேவைப்படுவது அழிந்த இழைமணி அல்ல. சற்றே கோணிய இழைமணி.

அந்தச் சற்றுக் கோணல் என்ன செய்யும் என்பதை 2008 இல் ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தினர் நேரடியாகவே காட்டினார்கள். எலியின் நுரையீரல் புற்றுநோய்க் கலங்களில் ஒரு வகை அதிகம் பரவாதது. இன்னொரு வகை உடம்பெங்கும் பரவுவது. இரண்டின் இழைமணி டி.என்.ஏயையும் மாற்றி வைத்தார்கள். பரவாத கலம் பரவத் தொடங்கியது. சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டுப் புரதத்தில் ஏற்பட்ட பிறழ்வினால் தாக்கும் ஒட்சிசன் கூடுதலாகச் சிந்தியதே காரணம். அது அளவாக இருந்தால் 'வளர், நகர்' என்ற சைகையாகக் கலத்துக்குள் வேலை செய்கிறது. அளவு மிஞ்சினால்தான் கொல்கிறது. வேறு சில புற்றுநோய்களில் இழைமணி நொதியம் ஒன்று பிறவியிலேயே குறைப்பட்டு, சக்சினேற்று என்ற சாதாரண இடைப்பொருள் தேங்கி, ஒட்சிசன் இருக்கும்போதே இல்லை என்ற பொய்ச் சைகையைக் கருவுக்கு அனுப்புகிறது. கரு அதை நம்பிப் புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது.

இழைமணியே இல்லாவிட்டால்? நியூசிலாந்தில் மைக் பெரிஜும் செக் நாட்டு ஆய்வாளர் ஜிரி நோய்சிலும் அதைச் சோதித்தார்கள். எலிப் புற்றுநோய்க் கலங்களிலிருந்து இழைமணி டி.என்.ஏயை முழுவதும் நீக்கி எலிக்குள் செலுத்தினார்கள். நெடுநாள் கட்டி வளரவில்லை. பிறகு வளர்ந்தது. வளர்ந்த கட்டியின் கலங்களை எடுத்துப் பார்த்தால், அந்த எலியின் சொந்த இழைமணி டி.என்.ஏ அவற்றுக்குள் இருந்தது. 2015 இல் வெளியான முடிவு இது. பக்கத்துக் கலங்களிலிருந்து இழைமணியை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவை பெருகின. 2019 இல் அதே வழியில் வந்த ஆய்வு, அந்த இழைமணி முதன்மையாகத் தேவைப்பட்டது ஏ.ரீ.பீக்காக அல்ல, புதிய டி.என்.ஏ கட்டத் தேவையான பிரிமிடீன் அலகுகளுக்காக என்று காட்டியது. சுவாசம் பழுதாவதே மூலம் என்ற வார்பேர்க்கின் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இனி அக்காவின் உண்மையான கேள்வி: வற்றியது ஏன் திரும்பியது?

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சையோடு அடிக்கடி கொடுக்கப்படும் மருந்து சிஸ்பிளாற்றின். பிளாற்றினம் உலோகம் சேர்ந்த மருந்து. 1978 முதல் பாவனையில் இருக்கிறது. அது டி.என்.ஏயின் இழைகளில் ஒட்டி முடிச்சுப் போடுகிறது. ஆனால் முடிச்சுப் போடுவதால் மட்டும் கலம் சாகாது. முடிச்சைக் கண்டுபிடித்து, திருத்த இயலாது என்று முடிவெடுத்து, தானாகச் சாக வேண்டியது அந்தக் கலமே. கீமோவும் கதிரும் பெரும்பாலும் இந்தத் தற்சாவைத் தூண்டித்தான் வேலை செய்கின்றன. அந்தச் சாவு நிறைவேறும் முக்கிய இடம் இழைமணி.

1996 இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சியாவோதொங் வாங்கின் குழு ஒரு வியப்பைக் கண்டது. சுவாசச் சங்கிலியில் இலத்திரனைக் கடத்தும் சைற்றோகுரோம் சி என்ற சிறு புரதம், இழைமணிக்கு உள்ளே இருக்கும்வரை உயிரைக் காக்கிறது. வெளியே கசிந்தால் கலத்தை வெட்டிக் குலைக்கும் நொதியங்களை எழுப்புகிறது. அது கசிய வழி திறப்பவை பாக்ஸ், பாக் என்ற புரதங்கள். திறக்கவிடாமல் பிடித்துக்கொள்பவை பிசிஎல்-2 போன்ற புரதங்கள். 1988 இல் மெல்பேர்னில், பிசிஎல்-2 கலத்தைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். சாவை மறுப்பதும் புற்றுநோயை வளர்க்கும் என்பது அன்றுதான் துலங்கியது.

கட்டி ஒன்றுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான கலங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. முதல் மருந்து ஏறும்போது, சாகத் தயாராக இருந்தவை சாகின்றன, கட்டி வற்றுகிறது. பிசிஎல்-2 போன்ற புரதங்களைக் கூடுதலாக வைத்திருந்த சில கலங்களில் சைற்றோகுரோம் கசியவில்லை. மருந்து அவற்றின் டி.என்.ஏயிலும் முடிச்சுப் போட்டது. அவை சாக மறுத்தன. மிஞ்சியவை அவையே, திரும்ப வளர்ந்ததும் அவற்றின் பிள்ளைகளே. அதனால்தான் இரண்டாவது முறை அதே மருந்து பெரும்பாலும் எடுபடுவதில்லை.

தப்பிய கலங்களுக்கு இன்னொரு திறமையும் உண்டு. குருநகர்ப் படகுகளை நினைத்துப் பாருங்கள், அக்கா. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லாமல் போனபோது, பாய் கட்டத் தெரிந்தவர் கடலுக்குப் போனார். 2022 தட்டுப்பாட்டிலும் துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவர் கரையோரமாவது தொழில் பார்த்தார். என்ஜினை மட்டும் நம்பியவர் கரையில் இருந்தார். புற்றுநோய்க் கலம் இரண்டும் தெரிந்த படகு. குளுக்கோசு வழி அடைபட்டால் இழைமணியில் கொழுப்பையும் குளுற்றமீனையும் எரிக்கும். இழைமணி வழி அடைபட்டால் நொதித்தலுக்குத் திரும்பும். கீமோவுக்குப் பின் மெதுவாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கலங்கள் பல, வார்பேர்க் சொன்னதற்கு நேர்மாறாக, இழைமணிச் சுவாசத்தில் சாய்ந்து நிற்கின்றன.

சீனிக்கும் கட்டி திரும்பியதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்: இல்லை. மருந்து ஏறுவதற்கு முன்பே அந்தக் கலங்கள் கூட்டத்துக்குள் இருந்திருக்கலாம். அல்லது மருந்தின் நெருக்கடியிலேயே மாறியிருக்கலாம். ஒரு மனிதர் குடித்த தேத்தண்ணி அதை நிர்ணயிக்கவில்லை.

பக்கத்துக் கலங்களின் பங்கும் உண்டு. 2016 இல் பிரான்சில் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள், எலும்பு மச்சையின் ஆதாரக் கலங்கள் தங்கள் இழைமணிகளைப் புற்றுநோய்க் கலங்களுக்குக் கொடுப்பதையும், பெற்றுக்கொண்டவை கீமோவில் தப்புவதையும் கண்டார்கள். 2022 இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள், புற்றுநோய்க் கலம் மிக நுண்ணிய குழாயை நீட்டி நோய் எதிர்ப்புக் கலத்தின் இழைமணியை உறிஞ்சி எடுப்பதைப் படம்பிடித்தார்கள். 2025 இல் ஜப்பானின் ஒக்காயாமாவிலிருந்து மறுதிசையில் ஒரு செய்தி வந்தது. புற்றுநோய்க் கலம் தன் பிறழ்ந்த இழைமணியை எதிர்ப்புக் கலத்துக்குள் செலுத்தி அதைச் சோர்வடையச் செய்கிறது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலரிடம் பலிக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"இவ்வளவும் தெரிஞ்சும் மருந்து இல்லையோ, தம்பி?"

இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. பிசிஎல்-2இன் பிடியைத் தளர்த்தும் வெனற்றோகிளாக்ஸ் என்ற குளிசை 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் அது பலருடைய ஆயுளை நீட்டியிருக்கிறது. இழைமணியில் பிறழ்ந்த ஐடிஎச்-2 நொதியத்தை அடக்கும் எனாசிடெனிப் 2017 இல் வந்தது. ஆனால் வாய்ப் புற்றுநோய் போன்ற திண்மக் கட்டிகளில் இந்த வழி இன்னும் திறக்கவில்லை. இழைமணிச் சுவாசத்தையே தடுத்துப் பார்த்த பலமான மருந்தொன்று நோயாளிகளின் நரம்பைத் தாக்கி, இரத்தத்தில் இலற்றிக்கமிலத்தையும் ஏற்றியதால் கைவிடப்பட்டது. நமது மூளைக்கும் இருதயத்துக்கும் அதே சுவாசம் வேண்டும். கட்டியை மட்டும் தனியாகப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

வீடுகளில் இருக்கும் இரண்டு குளிசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீரிழிவுக்குப் போடும் மெற்போமின் இழைமணியை இலேசாகத் தடுக்கும்; ஆகவே புற்றுநோயையும் தடுக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,649 பேரிடம் சோதித்து 2022 இல் வெளியான முடிவு: நோய் திரும்புவதை அது குறைக்கவில்லை. தாக்கும் ஒட்சிசனை அடக்கவென்று விற்றமின் குளிசை வாங்குகிறவர்கள் பின்லாந்து ஆய்வை அறிய வேண்டும். புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் அதில் இருந்தார்கள். பீற்றா கரோற்றீன் குளிசை பெற்றவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994 இல் தெரிந்தது. அவற்றுக்குச் செலவழிக்கும் காசை முட்டைக்கும் மீனுக்கும் செலவழியுங்கள்.

இந்த நீண்ட கதையில் நமது கைக்குள் இருப்பது ஒன்றுதான்: காலம். கட்டி சிறிதாக இருக்கும்போது அதன் கலங்கள் குறைவு. அவற்றுள் சாக மறுப்பவை இருக்கும் வாய்ப்பும் குறைவு. அப்போது சத்திரசிகிச்சையாலேயே முழுவதையும் எடுக்கலாம். கத்தியின் முன் எந்தக் கலமும் சாக மறுக்க முடியாது. கோடிக்கணக்காகப் பெருகிய பிறகு மருந்து தப்பிப்பிழைக்கும் வகைகள் அத்தனையோடும் போராட வேண்டியிருக்கிறது.

வாயைப் பார்ப்பதற்கு இயந்திரம் வேண்டாம். வெளிச்சமும் கண்ணும் போதும். 1980களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரிய என்ற இலங்கைப் பல் மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவும், ஊர்ச் சுகாதார ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து வீடு வீடாக வாய்களைப் பார்க்கவைத்தார்கள். அவர்களால் முன்னறிகுறிகளை நம்பத்தகுந்த முறையில் கண்டுபிடிக்க முடிந்தது. உலகமே அதைக் கவனித்தது. திருவனந்தபுரத்தில் 1996 முதல் 13 ஊராட்சிகளில் அதே முறையைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 2005 இல் அறிவித்தார்கள். இழைமணியைக் குறிவைத்த எந்தக் குளிசையும் வாய்ப் புற்றுநோயில் இதுவரை இந்த அளவு உயிரைக் காக்கவில்லை.

நமக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கிட்டத்தில் இருக்கிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது. நாட்டின் தெற்கு முனையில் தொடங்கிய அந்த நடையில் முன்பின் தெரியாத பலருடைய காசு சேர்ந்திருக்கிறது. அதைக் கடைசி நேரத்தில் போய்ச் சேரும் இடமாக நாம் வைத்திருக்கக் கூடாது.

அக்காவின் கணவருக்கு இனிச் செய்ய வேண்டியதை அவருடைய வைத்தியர் சொல்வார். வேறு மருந்தும் வேறு வழியும் உண்டு. அவரைத் திட்டாமல் நன்றாகச் சாப்பிட வையுங்கள். ஆனால் வீட்டில் மூத்த மகனும் வெத்திலை போடுகிறவர். அவருக்குச் சொல்ல வேண்டியது இது: கன்னத்திலோ நாக்கிலோ அழித்தாலும் போகாத வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இருந்தால், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால், உறைப்புப் பட்டதும் வாய் எரிந்தால், வாயைத் திறக்கும் அளவு குறைந்துகொண்டு வந்தால், நோகவில்லை என்று விட்டுவிட வேண்டாம். இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. வருகிற கிழமையே பல் வைத்தியரிடம் போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.